ஐந்து கையெழுத்து வராமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்

மதுரை வில்லாபுரம் பக்கம் ஒத்தி வீட்டில் (மாத வாடகைக்குப் பதில் மொத்தமாக ஒரு தொகை கொடுத்து) குடியிருக்கும் ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டதால் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டேன். கடிதம் நான்கு பக்கம். சுருக்கம் இதுதான்.

வயது 34. தனியார் பள்ளியில் ஆசிரியை, கணவர் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்க்கிறார். இரண்டு பேருக்கும் சேர்த்து மாதம் 52,000 ரூபாய் வருகிறது. சேமிப்பு 6 லட்சம், இப்போது குடியிருக்கும் வீட்டுக்குக் கொடுத்த ஒத்திப் பணம் 4 லட்சம், அப்புறம் 18 பவுன் நகை. ஆனையூரில் 2 சென்ட் இடத்தில் மாடியோடு ஒரு வீடு 38 லட்சத்துக்கு வந்திருக்கிறது. 1994-ல் இடத்தைக் கிரயம் வாங்கி அந்த வீட்டைக் கட்டியவர் 2019-ல் உயில் எதுவும் எழுதாமல் இறந்துவிட்டார். அவருடைய மனைவி இருக்கிறார், இரண்டு மகன்கள், இரண்டு மகள்கள். விற்க வந்திருப்பவர் மூத்த மகன் மட்டும். பட்டா அவர் பேருக்கு மாறியிருக்கிறது. "தங்கச்சிகளுக்குக் கல்யாணத்தில் ஆளுக்கு 40 பவுன் போட்டாச்சு, அவங்க கையெழுத்து தேவையில்லை. தம்பி துபாயில் இருக்கார், வாட்ஸ்அப்பிலேயே சம்மதம் சொல்லிட்டார்" என்கிறாராம் தரகர். கீழ்வீட்டில் ஒரு குடும்பம் ஒத்திக்கு இருக்கிறது, கிரயம் முடிந்ததும் காலி செய்து கொடுத்துவிடுவார்களாம். ஆடி முடிவதற்குள் 5 லட்சம் அட்வான்ஸ், 20 ரூபாய் பத்திரத்தில் ஒரு அக்ரிமென்ட், ஆவணி முதல் முகூர்த்தத்தில் கிரயம். பத்திரத்தில் 22 லட்சம் காட்டிவிட்டு மீதி 16 லட்சத்தை ரொக்கமாகக் கேட்கிறார்கள்.

பட்டாவும் வில்லங்கச் சான்றும் சரியாக இருக்கிறதே, இதற்கு மேல் என்ன பார்க்க வேண்டும், பெண் பேரில் வாங்கினால் பதிவுச் செலவு குறையுமாமே, தாமதித்தால் வீடு கைவிட்டுப் போய்விடாதா என்று கேட்டிருக்கிறார்.

சகோதரி, அட்வான்ஸ் இன்னும் கொடுக்கவில்லை என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. கொடுத்துவிட்டு வந்து என் வக்கீல் மேசைக்கு எதிரே உட்கார்ந்து அழுகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். நீங்கள் கொடுக்கும் முன்பே கேட்டீர்கள், அதனால் கையில் இன்னும் எல்லா வழிகளும் இருக்கின்றன. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

நகை போட்டதால் பங்கு போகாது

நீங்கள் பார்த்த வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் ஐந்து பேர். உங்களிடம் பேசிக்கொண்டிருப்பது அதில் ஒருவர்.

பெண்ணுக்குச் சொத்தில் பங்கு என்றதும் நம் ஊரில் எல்லோரும் 1989, 2005 என்று சட்டத் திருத்தம் வந்த ஆண்டுக்கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்கள். அதற்கு முன்பே கல்யாணம் ஆனவரா, பின்பா என்று கேட்பார்கள். அந்தக் கணக்கெல்லாம் பூர்வீகச் சொத்துக்கு. இந்த வீடு இறந்துபோனவர் தன் சம்பாத்தியத்தில் கிரயம் வாங்கியது. இதற்கு 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 8-வது பிரிவே போதும். உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் மனைவி, மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சமபங்கு. மகள் எந்த வருஷம் கல்யாணம் செய்துகொண்டார், எத்தனை பவுன் போட்டார்கள் என்று சட்டம் கேட்பதே இல்லை. 40 பவுன் போட்டார்கள் என்றால் அது அப்பா மகளுக்குச் செய்த சீர். "என் பங்கை விட்டுக்கொடுத்துவிட்டேன்" என்று அந்தப் பெண் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தால்தான் பங்கு போகும். (நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்து இந்துக் குடும்பம் என்று எடுத்துக்கொள்கிறேன். முஸ்லிம் அல்லது கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் பங்குக் கணக்கு வேறு, ஆனாலும் மகளுக்குப் பங்கு உண்டு.)

ஆக, அம்மாவுக்கு ஐந்தில் ஒன்று, பிள்ளைகள் நாலு பேருக்கும் ஆளுக்கு ஐந்தில் ஒன்று. மூத்தவர் மட்டும் முழு வீட்டையும் கிரயம் எழுதிக் கொடுத்தால் உங்களுக்கு வந்து சேர்வது அவருடைய ஐந்தில் ஒரு பங்குதான். குடும்பம் பிரிக்காமல் வைத்திருக்கிற வீட்டில் வெளியாள் ஒரு பங்கை வாங்கினால், உள்ளே போய்க் கூடச் சேர்ந்து குடியிருக்கிற உரிமைகூட அவருக்குக் கிடையாது என்கிறது சொத்து மாற்றுச் சட்டத்தின் 44-வது பிரிவு. பாகப்பிரிவினை வழக்குப் போட்டு அந்தப் பங்கைப் பிரித்து வாங்க வேண்டும். 38 லட்சம் கொடுத்துவிட்டு அந்த நிலைக்கு வர வேண்டுமா?

இன்னொரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள். 2019-ல் வீட்டுக்காரர் இறந்தபோது அவரைப் பெற்ற தாயார் உயிரோடு இருந்தாரா? இருந்திருந்தால் அந்தப் பாட்டியும் முதல் வகுப்பு வாரிசு. அப்போது பங்கு ஆறாகிவிடும். பாட்டி பிறகு இறந்திருந்தால் அவருடைய பங்குக்கு அவருடைய மற்ற பிள்ளைகளும் வருவார்கள், அதாவது இவர்களுடைய சித்தப்பா, அத்தை எல்லோரும். இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டதால் சிக்கலான வீடுகள் எனக்குத் தெரியும். தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றை வாங்கிப் பாருங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். அதில் பெயர் விட்டுப்போனவருக்கு உரிமை இல்லாமல் போய்விடாது.

சரி, தீர்வு என்ன? ஐந்து பேரும் விற்பவர்களாகக் கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும், இதுதான் நேர்வழி. மற்ற நாலு பேரும் முதலில் மூத்தவருக்கு விடுதலைப் பத்திரம் பதிவு செய்து கொடுத்து, அவர் உங்களுக்கு விற்பது இன்னொரு வழி. எனக்கு முதல் வழிதான் பிடிக்கும், ஏனென்றால் எல்லோரும் ஒரே நாளில் சார்பதிவாளர் முன்னால் வந்து நிற்பார்கள், பணம் யாருக்கு எவ்வளவு போனது என்பதும் அந்தப் பத்திரத்திலேயே இருக்கும்.

துபாய் தம்பியின் வாட்ஸ்அப் சம்மதத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அவர் அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில், அலுவலர் முன்னிலையில், இந்த வீட்டை விற்க அதிகாரம் கொடுத்து ஒரு பவர் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். அது இந்தியாவுக்கு வந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். பவரை அண்ணனுக்குக் கொடுக்கிறாரா, அம்மாவுக்குக் கொடுக்கிறாரா என்பது அவர் விருப்பம். நீங்கள் ஒருமுறை வீடியோ காலில் அவரிடமே பேசிவிடுங்கள். பவர் கொடுத்தவர் கிரயத்துக்கு முன்பே இறந்துவிட்டால் பவரும் அதோடு முடிந்துவிடும், அதனால் கிரயத்தன்று காலையில் ஒரு தடவை கூப்பிட்டுப் பேசுவது நல்லது.

பட்டாவும் வில்லங்கமும் சொல்லாத விஷயங்கள்

பட்டா இருந்தால் போதும் என்று உங்கள் மாமனார் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காலத்து நம்பிக்கை அது, அவர் உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறார். ஆனால் பட்டா வருவாய்த்துறையின் கணக்கு. உரிமை பத்திரத்திலிருந்தும் வாரிசு வழியிலும் வருகிறது, பட்டாவிலிருந்து வருவதில்லை என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. ஐந்து வாரிசு இருக்கும் வீட்டுக்குக் கூட்டுப் பட்டாதான் வந்திருக்க வேண்டும். ஒருவர் பேருக்கு மட்டும் எப்படி மாறியது, என்ன ஆவணம் கொடுத்து மாற்றினார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அந்தத் தயக்கமே உங்களுக்கு ஒரு தகவல்.

வில்லங்கச் சான்றில் பதிவான ஆவணங்கள் மட்டும்தான் வரும். ஒருவர் இறந்ததும் அவருடைய வாரிசுகளுக்கு உரிமை வந்ததும் அதில் வராது. பதியாத ஒத்தி வராது. மூலப் பத்திரத்தைத் தனியாரிடம் கொடுத்துக் கைமாற்று வாங்கியிருந்தால் அதுவும் வராது. அதனால் 1994 பத்திரத்தின் அசலைக் கண்ணால் பாருங்கள். ஜெராக்ஸ் காட்டி "அசல் லாக்கரில் இருக்கு" என்றால், லாக்கரிலிருந்து எடுத்து வந்த பிறகு பேசலாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

ஆனையூர் விஷயத்தில் கூடுதலாக ஒன்று. 2011-ல் மாநகராட்சி 100 வார்டாக விரிந்தபோதுதான் ஆனையூர் நகராட்சி மதுரையோடு சேர்ந்தது. 1994 பத்திரத்தில் இருக்கும் விலாசமும் சர்வே எண்ணும் இன்றைய வரி ரசீதில் இருப்பதும் ஒன்றாக இருக்காது. பழைய சர்வே எண், உட்பிரிவுக்குப் பிறகு வந்த எண் இரண்டையும் போட்டு வில்லங்கம் எடுங்கள். சார்பதிவாளர் அலுவலக எல்லை மாறியிருந்தால் பழைய அலுவலகத்திலும் எடுங்கள். 30 வருஷத்துக்குக் குறையாமல் பாருங்கள், வங்கியும் பெரும்பாலும் அதைத்தான் கேட்கும். இறந்தவருக்கு 1994-ல் விற்றவருக்கு அந்த இடம் எப்படி வந்தது என்பதற்கும் தாள் வேண்டும்.

மனைப்பிரிவுக்கு டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றாலும் உடனே பயந்துவிட வேண்டாம். 2016 அக்டோபர் 20-க்கு முன்பே வீட்டுமனையாகப் பதிவான இடம் என்பதால் மறுபடி பதிவு செய்வதில் தடை வராது. ஆனால் வங்கி, அப்ரூவல் இல்லாத மனையை ஒழுங்குபடுத்திக் கொடுக்கும் வரன்முறை ஆணையைக் கேட்கலாம், அந்தச் செலவு யாருடையது என்பதை இப்போதே பேசி முடித்துவிடுங்கள். மாடிக்கு பிளான் அனுமதி வாங்கியிருக்கிறார்களா என்பதையும் பாருங்கள், கீழ்த்தளத்துக்கு மட்டும் வாங்கிவிட்டு மேலே எழுப்பிக்கொண்ட வீடுகள் இங்கே நிறைய.

வருவாய்த்துறையின் நிலக் கணக்கான அ-பதிவேட்டில் இடத்தின் வகைப்பாட்டையும், அதாவது நீர்நிலை என்று இருக்கிறதா என்பதையும், பார்த்துவிடுங்கள். மதுரை கண்மாய்கள் நிறைந்த ஊர். 2024 அக்டோபர் மழையில் செல்லூர் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் வந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நல்ல மழை பெய்த மறுநாள் அந்தத் தெருவில் ஒரு நடை நடந்து பாருங்கள், எந்தச் சான்றிதழும் சொல்லாததை அது சொல்லும்.

கீழ்வீட்டு ஒத்திக்காரர்

இதை நீங்கள் ஒரே வரியில் எழுதிக் கடந்துவிட்டீர்கள். எனக்கு இதில்தான் மனசு தங்கிவிட்டது, ஏனென்றால் நீங்களே ஒத்தி வீட்டில் இருப்பவர். உங்கள் வீட்டுக்காரர் உங்களுக்குச் சொல்லாமல் வீட்டை விற்றால் அந்த 4 லட்சத்துக்காக எவ்வளவு துடிப்பீர்கள்? கீழ்வீட்டுக் குடும்பமும் அப்படித்தான் இருக்கும்.

ஒத்தி என்பது சட்டத்தின் கண்ணில் அடமானம். 100 ரூபாய்க்கு மேற்பட்ட தொகை என்றால் பதிவு செய்ய வேண்டும், ஆனால் நம் ஊரில் பெரும்பாலான ஒத்தி ஒரு பத்திரத் தாளிலும் இரண்டு சாட்சியிலும் முடிந்துவிடுகிறது. பதியவில்லைதானே, நம்மைக் கட்டுப்படுத்தாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு வீட்டில் ஒருவர் குடியிருக்கிறார் என்றால், அவருக்கு அங்கே என்ன உரிமை இருக்கிறதோ அது வாங்குகிறவருக்குத் தெரியும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். "எனக்குத் தெரியாது" என்று பிறகு சொல்ல முடியாது. காலி செய்து தருவது கிரயத்துக்குப் பிறகு என்றால், பணத்தை எண்ணி வாங்கியவர் போய்விடுவார், ஒத்திப் பணம் வராதவர் வீட்டைவிட்டு நகர மாட்டார், நடுவில் நிற்பது நீங்கள்.

ஆகவே அவருக்குத் தர வேண்டிய தொகையை 38 லட்சத்திலிருந்தே பிடித்து, கிரயத்துக்கு முன்னால் அவர் கையில் டி.டி.யாகக் கொடுத்து, ஒத்தி தீர்ந்ததாக எழுதி வாங்கி, சாவியும் கைக்கு வந்த பிறகு பதிவுக்குப் போங்கள். ஒத்தி பதிவாகியிருந்தால் அது தீர்ந்ததற்கான ரசீதையும் பதிவு செய்ய வேண்டும்.

உங்கள் சொந்த ஒத்திப் பணத்தையும் யோசியுங்கள். புது ஒத்திக்காரர் கிடைத்தால்தான் பணம் திருப்பித் தர முடியும் என்பார்கள் பல வீட்டுக்காரர்கள். மூன்று மாதம் முன்பாகவே எழுத்தில் சொல்லிவிடுங்கள். அந்த 4 லட்சம் கைக்கு வராமல் வீட்டைக் காலி செய்யாதீர்கள். அந்தப் பணம் ஆவணி முதல் வாரத்தில் வந்துவிடும் என்று வைத்துப் போட்ட கணக்கு எனக்குச் சரியாகப் படவில்லை.

பத்திரத்தில் 22 லட்சம்

இதனால் உங்களுக்கு லாபம் என்று தரகர் சொல்லியிருப்பார். கணக்கைப் பாருங்கள். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், மொத்தம் 9. 38 லட்சத்துக்கு 3,42,000 ரூபாய். 22 லட்சத்துக்கு 1,98,000. மிச்சம் 1,44,000.

இப்போது கடன். 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு, வீட்டு மதிப்பில் அதிகபட்சம் 90 சதவீதம் வரை வங்கி தரலாம் என்பது ரிசர்வ் வங்கி வைத்த எல்லை. பல வங்கிகள் 80-லேயே நிறுத்திக்கொள்ளும். பத்திரத்தில் 22 லட்சம் என்று போட்டால் அதில் 90 சதவீதம் 19,80,000. மீதி 18 லட்சத்துக்கு மேல் நீங்கள் கையிலிருந்து போட வேண்டும், பதிவுச் செலவு தனி. 38 லட்சம் என்று உண்மையைப் போட்டால் 28, 30 லட்சம் வரை கடன் கேட்கலாம். ஒன்றரை லட்சத்தை மிச்சம் பிடிக்கப் போய் பத்து லட்சத்துக்கு வட்டிக்காரரைத் தேட வேண்டிய நிலை.

அதோடு நிலம், வீடு விற்பனையில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கினால் வாங்கின தொகை அளவுக்கே அபராதம் போட வருமான வரிச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அது விற்பவர் தலையில் விழும் என்று விட்டுவிடாதீர்கள். நாளைக்கு உரிமையில் குறை வந்து பணத்தைத் திருப்பிக் கேட்டு நீதிமன்றம் போனால் பத்திரத்தில் எழுதிய 22 லட்சத்தைத்தான் காட்ட முடியும். கொடுத்த 16 லட்சத்துக்குச் சாட்சி யார், தரகரா?

பெண் பேரில் வாங்கினால் சலுகை என்பது உண்மைதான். 2025 ஏப்ரல் 1 முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைத்திருக்கிறார்கள். ஆனால் 10 லட்சம் வரையிலான சொத்துக்கு மட்டும், இந்த வீட்டுக்கு அது பொருந்தாது. சலுகை இல்லையென்றாலும் உங்கள் பேர் பத்திரத்தில் இருக்க வேண்டும் என்று நான் சொல்வேன். 18 பவுனும் உங்களுடையது, சம்பளமும் போகப் போகிறது, கடனிலும் கையெழுத்துப் போடப் போகிறீர்கள். இரண்டு பேர் பேரிலும் வாங்குங்கள். வீட்டில் இதைக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். வக்கீல் சொன்னார் என்று என் பேரைச் சொல்லிக் கேளுங்கள்.

கடன் எவ்வளவு தாங்கும் என்பதையும் பாருங்கள். 28 லட்சம், 20 வருஷம், வட்டி 8.5 சதவீதம் என்று வைத்தால் மாதத் தவணை சுமார் 24,300. உங்கள் இருவர் வருமானத்தில் கிட்டத்தட்ட பாதி. பள்ளிச் சம்பளம் ஒரு மாதம் தள்ளிப்போனாலே நெருக்கடி வரும். ஆறு மாதத் தவணையைத் தனியாக எடுத்து வைக்க முடியாவிட்டால் விலையைக் குறைத்துப் பேசுங்கள், அல்லது இதைவிடச் சின்ன வீடு பாருங்கள். எல்லா நகையையும் இதிலேயே போட்டுவிடாதீர்கள்.

அட்வான்ஸ்

நீங்கள் வீட்டை விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அம்மாவும் மகள்களும் சம்மதித்தால் இது நல்ல வீடாகவே இருக்கலாம். அந்த மூன்று பெண்களையும் நேரில் போய்ப் பாருங்கள். அண்ணன் விற்கப்போகிறார் என்பதே அவர்களுக்குத் தெரியாமல் இருந்தால் அன்றைக்கே உங்களுக்குப் பதில் கிடைத்துவிடும்.

எல்லோரும் ஒப்புக்கொண்டால், துபாயிலிருந்து பவரும் வந்து சேர்ந்த பிறகு, ஐந்து பேரும் கையெழுத்துப் போட்ட கிரய ஒப்பந்தம் செய்யுங்கள், அதைப் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் இது கட்டாயம். செலவு முழுக் கிரயத்துக்கு ஆவதில் ஒரு சிறு பங்குதான், அது வில்லங்கத்தில் ஏறிவிட்டால் வேறு யாருக்கும் சத்தமில்லாமல் விற்க முடியாது. 5 லட்சம் அதிகம், 2 லட்சத்தில் பேசுங்கள், வங்கிக் கணக்கு வழியாகக் கொடுங்கள். வங்கிக் கடன் கிடைக்காவிட்டாலோ உரிமையில் குறை தெரிந்தாலோ அட்வான்ஸ் முழுதும் இத்தனை நாளில் திரும்ப வர வேண்டும் என்று எழுதுங்கள். கெடு மூன்று மாதமாவது இருக்கட்டும், பவர் வருவதற்கும் ஒத்தி தீர்வதற்கும் அவ்வளவு ஆகும். ஒப்பந்தம் போட்டாலே வீடு உங்களுடையது ஆகிவிடாது, கிரயப் பத்திரம் பதிவான அன்றுதான் ஆகும்.

ஆவணியில் முடியாவிட்டால் தையில் முடியட்டும். வேறு யாரோ வாங்க வந்திருக்கிறார்கள் என்று தரகர் சொல்வார். வருகிறவருக்கும் இதே ஐந்து கையெழுத்து வேண்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை கணவரையும் கூட்டிக்கொண்டு, தரகர் இல்லாமல், கீழ்வீட்டுக் குடும்பத்தைப் போய்ப் பாருங்கள். எவ்வளவு கொடுத்தார்கள், யாரிடம் கொடுத்தார்கள், கெடு என்றைக்கு என்று கேட்டு, அவர்கள் காட்டும் ஒத்திப் பத்திரத்தில் யார் யார் கையெழுத்து இருக்கிறது என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். அதில் அம்மாவின் கையெழுத்தும் இருந்தால் அந்தக் குடும்பத்தில் யாருடைய பேச்சு செல்லும் என்பது நமக்குத் தெரிந்துவிடும், அவரிடமிருந்தே பேச்சை ஆரம்பிக்கலாம்.